இரண்டாவது டிஸ்க் இருந்த இடம்

ஜோயல்,

'அன்புள்ள' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. பொய்யாக எழுத வேண்டாமென்று பெயரோடு நிறுத்திக்கொண்டேன். போன வாரம் நீ அனுப்பிய மெயிலை மூன்று முறை படித்தேன். ஜனவரியில் உன் கல்யாணம், அதற்குள் வீட்டில் போட்டோ, பதிவெல்லாம் சேமித்து வைக்கிற புதுப் பெட்டி வைத்துவிட வேண்டும் என்கிறாய். நான்கு டிஸ்க் போடுகிற பெட்டி ஒன்று, இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டி ஒன்று, பெட்டியே வேண்டாம், எல்லாவற்றையும் ஏதோ ஒரு கம்பெனியிடம் இன்டர்நெட்டில் போட்டு வைக்கலாம் என்று ஒன்று. மூன்றுக்கும் லிங்க் கொடுத்து, "எது வேணும்னு மட்டும் சொல்லு மா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தக் கடிதம். முப்பத்தொரு வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள் நான், முக்கியமானதைக் காகிதத்தில் எழுதியே பழக்கம். இதை ஒளித்து வைக்காதே. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் படிக்கக் கொடு. அவளும் இனி உன்னை நம்பி இருக்கப் போகிறவள்தானே.

உன் அப்பா பி.டி. மாஸ்டராக இருந்தபோது அவர் கழுத்தில் விசில் தொங்குமே தவிர, அதை ஊதி நான் பார்த்ததில்லை. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று பெயரைச் சொன்னால் அந்தக் கோடியில் ஓடுகிறவன் நிற்பான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. "உயிரைக் காப்பாத்திடலாம்மா. குரல்வளையை எடுத்தாகணும்" என்று டாக்டர் சொன்னபோது உன் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை நாள் இருக்கு?" ஆபரேஷனுக்கு என்று டாக்டர் நினைத்துக்கொண்டு பதினெட்டு நாள் என்றார். அப்பா கேட்டது பேசுவதற்கு. திரும்பி வரும் வழியிலேயே ஒரு சின்ன ரெக்கார்டர் வாங்கினோம். காலைச் சாப்பாடு முடிந்ததும் உன் அறையில் உட்காருவார். சத்தம் விழுகிறதென்று ஃபேனை நிறுத்திவிடுவோம். வியர்த்து ஊற்றும். துண்டால் துடைத்துக்கொண்டே பேசுவார். நம் இரண்டு பேர் பெயரையும் கூப்பிட்டார். பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வழி தெரியாமல் பெருங்களத்தூரில் இறங்கிவிட்ட கதையைச் சொன்னார். சிலவற்றுக்கு என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். மொத்தம் நாற்பத்தொன்று. ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுத் தலைப்பும் எழுதி வைத்தார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மாதம் நீ பெங்களூரிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியோடு வந்தாய். ஹாலில் டி.வி.க்குக் கீழே வைத்து, அப்பாவின் பதிவுகளை அதில் ஏற்றினாய். முன்பக்கத்து மூடியைத் திறந்து இரண்டு டிஸ்க்கையும் எனக்குக் காட்டினாய். "ரெண்டு இருக்கு பாரு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல அதேதான் இருக்கும். அப்பா குரலுக்கு இனிமே சாவே கிடையாது" என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டு நான் சமையலறைக்குப் போய் அழுதேன், அது உனக்குத் தெரியாது. ரெக்கார்டரின் கார்டை என்ன செய்ய என்று கேட்டேன். "காலி பண்ணிடு மா, வேற எதுக்காவது ஆகும்" என்றாய். காலி செய்தேன். சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் பாட்டுகளைப் பதிவு செய்ய அதைக் கொடுத்துவிட்டேன். இது என் முதல் தப்பு. அதை உன் தலையில் போட மாட்டேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீ வந்து நான்கு நாள் இருந்தாய். நீ போன பிறகு ஜனவரியில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. பெட்டி கீச் கீச் என்று விடாமல் கத்த ஆரம்பித்தது. பயந்துபோய் உனக்குப் போன் செய்தேன். "ஒண்ணும் இல்ல மா, கரண்ட் போய் வந்தா அப்படித்தான் கத்தும். இங்கேர்ந்தே நிறுத்திடறேன்" என்றாய். ஐந்து நிமிஷத்தில் சத்தம் நின்றது. ஊர் விட்டு ஊர் இருந்தும் கையை நீட்டி நிறுத்திவிட்டானே என்று எனக்குப் பெருமை. சர்ச்சில் இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெட்டி தன்னால் முடிந்தவரை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது ஜோயல். நீ அதன் வாயை அடைத்தாய், நான் உனக்கு நன்றி சொன்னேன்.

ஜூலையில் பெட்டிக்குள் டக், டக் என்று சுண்டுகிற மாதிரி சத்தம் வந்தது. மறுநாள் எதுவுமே திறக்கவில்லை. மாடியில் குடியிருக்கிற ஹேமாவைக் கூப்பிட்டேன். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற பெண் அவள் என்று உனக்கே தெரியும். அவள் வந்து மூடியைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, இதுல ரெண்டு டிஸ்க் இருக்கணுமே. இன்னொண்ணு எங்க?"

"ரெண்டும் இருக்கும்மா. ஜோயல் எனக்குக் காட்டினானே."

"ஒரு ஸ்லாட் காலியா இருக்கு ஆன்ட்டி. யாரோ எடுத்திருக்காங்க."

வீட்டுக்குள் திருட்டு என்றுதான் நினைத்தேன். அங்கேயே நின்று உனக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சு எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

"ஜோயல், பெட்டியில ஒரு டிஸ்க்கைக் காணோம்டா."

லைன் போய்விட்டதோ என்று 'ஹலோ ஹலோ' என்றேன்.

"காணோமா? தெரியலையே மா. வீட்டுக்கு யார் யார் வர்றாங்க?"

"கன்னியம்மாதான் வர்றா. வேற யாரு?"

"அவங்களைக் கேட்டுப் பாரு. சும்மா கேட்டுப் பாரு மா."

மறுநாள் காலையில் கேட்டேன். பதினொரு வருஷமாக நம் வீட்டில் வேலை செய்கிற கன்னியம்மாவைக் கேட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இந்த வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டவளை. "துடைக்கும்போது அந்தப் பெட்டியிலேர்ந்து எதையாவது கழட்டி வச்சியா?" என்று குரலைத் தணித்துத்தான் கேட்டேன். தணித்துக் கேட்டால் கேள்வி மாறிவிடுமா? அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாம்மா கேக்குற? உன் வூட்டுச் சாவி இத்தினி வருசமா என் இடுப்புல கீது. நான் எதுக்கு அந்தப் பொட்டியத் தொடப்போறேன்?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். "வேற எதுனா கொறயுதான்னு ஒரு வாட்டி பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, பாதி பெருக்கின ஹாலை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

உன் அப்பா நடந்துவிட்டு வந்தபோது ஹாலில் குப்பை ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தது. கன்னியம்மா எங்கே என்று கையால் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பிறகு தன் எழுதி அழிக்கும் பலகையை எடுத்து எழுதினார்: 'ஜோயல் எடுத்தான்.' நான் படித்ததும் அழித்துவிட்டு, 'கிறிஸ்துமஸுக்கு' என்று எழுதினார். மறுபடி அழித்துவிட்டு, 'எனக்குத் தெரியும்.'

அன்று மாலை உனக்குப் போன் செய்தபோது நீ மறுக்கவில்லை, அது ஒன்றுதான் மிச்சம். நண்பர்களோடு மலைக்குப் போய் வீடியோ எடுக்க இடம் போதவில்லை, பண்டிகை நாளில் கடை திறக்கவில்லை, ஒரு வாரத்தில் புதியது வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன் என்றாய். எல்லாம் எனக்குப் புரிகிறது. நானும் வேலை பார்த்தவள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவள். ஆனால் நீ கொண்டுபோனது காலி டிஸ்க் இல்லை. உன் அப்பாவின் நாற்பத்தொரு பதிவும் அதில் முழுசாக இருந்தன. அதைத் துடைத்துவிட்டுத்தான் உன் மலையையும் மேகத்தையும் அதில் ஏற்றினாய். அதுகூடப் போகட்டும். பெட்டி கத்தினபோது ஏன் என்று உனக்குத் தெரியும். டிஸ்க்கைக் காணோம் என்று நான் நடுங்கினபோது அது எங்கே என்றும் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 'கேட்டுப் பாரு' என்றாய். டிஸ்க்கை எடுத்ததை மன்னிக்க எனக்கு ஒரு வாரம் போதும். அந்த வார்த்தைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்கே தெரியவில்லை.

உன் அப்பாவிடமும் எனக்குக் கோபம். 'ஒரு வாரத்தில் வைக்கிறேன் என்றான். பிறகு கேட்கக் கூச்சம்' என்று எழுதிக் காட்டினார். பிள்ளையிடம் கேட்கக் கூச்சம், மனைவியிடம் சொல்லவும் கூச்சம். அவரால் பேச முடியாதே என்று அந்தப் பலகையை ஒவ்வொரு அறையிலும் ஒன்றாக வாங்கி வைத்தவள் நான். ஏழு மாதம் அந்தப் பலகைகளில் ரசத்தில் உப்பு கம்மி என்றும் மழை வரும் என்றும் எழுதியவர், இதை எழுதவில்லை. இரண்டு நாள் நான் அவர் பலகையைப் படிக்கவில்லை. அவர் எழுதி நீட்டுவார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குரல் இல்லாத மனுஷனுக்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை. தெரிந்தேதான் செய்தேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், நான் ஒன்றும் நல்லவள் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

மூன்றாம் நாள் இரண்டு பேருமாகக் கன்னியம்மா வீட்டுக்குப் போனோம். "தப்பு எங்க பக்கம். எடுத்தது ஜோயல்" என்றேன். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, நீங்க எதுக்குக் கும்புடுறீங்க, உக்காருங்க" என்று நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "நீ வந்து சொன்னியே, அத்தோட சரிம்மா. வேலைக்கு மட்டும் கூப்புடாத. இனிமே உன் வூட்ல ஒரு ஸ்பூன் காணோம்னாகூட மொதல்ல என்னத்தான் பாப்ப." அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் சொல்.

செத்த டிஸ்க்கை ஹேமா டேட்டா மீட்டுத் தருகிற ஒரு இடத்துக்குக் கொண்டுபோனாள். ஆறு வாரம் ஆயிற்று. நாற்பத்தொன்றில் ஒன்பது கிடைத்தன. நோட்டை வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் ஒவ்வொன்றாக டிக் அடித்தோம். பெருங்களத்தூர் கதை போயிற்று. என் பெயரைக் கூப்பிட்டது போயிற்று. பதினேழாம் நம்பருக்கு நேராக 'ஜோயல் கல்யாணத்தில் போட' என்று அவர் எழுதியிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு பேசியது அது. என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. உன் மெயிலில் அதைப் பற்றிக் கேட்காமல் புதுப் பெட்டியைப் பற்றி மட்டும் கேட்டிருந்தாய். கேட்கப் பயந்தாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பெட்டியை நான் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டேன். ஹேமாவோடு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். நான்கு டிஸ்க்கா, இரண்டா என்று நான் ஆரம்பித்ததும் அவள் நிறுத்தினாள். "அது அப்புறம் ஆன்ட்டி. முதல்ல எது போனா அழுவீங்கன்னு சொல்லுங்க." யோசித்துப் பார்த்தால் சினிமா போனால் அழமாட்டேன், சீரியல் போனால் அழமாட்டேன். அப்பாவின் ஒன்பது பதிவு, போட்டோக்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், அவ்வளவுதான். அதற்கு நான்கு டிஸ்க் எதற்கு? இரண்டு போதும். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பது ஒன்று கெட்டால் வேலை நிற்காமல் இருக்கத்தானாம், அது பேக்கப்பே இல்லையாம். "நீங்க தெரியாம ஒண்ணை அழிச்சா ரெண்டுலயும் அழியும் ஆன்ட்டி. வைரஸ் வந்தா ரெண்டுக்கும் வரும். இடி விழுந்தா ரெண்டும் சேர்ந்துதான் போகும்." அப்படியானால் நீ கொண்டுபோகாமல் இருந்திருந்தாலும் அப்பா குரல் பாதுகாப்பாக இருந்ததில்லை. நீ அன்று கொடுத்த வாக்கே அரைகுறை. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், உன் தொழிலே கம்ப்யூட்டர்தானே.

ஆகவே இப்படிச் செய்திருக்கிறோம். பெட்டி ஒரு பிரதி. தனியாக ஒரு டிஸ்க் வாங்கி, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் செருகி நகலெடுத்து, உடனே கழற்றி பீரோவில் வைக்கிறேன். செருகியபடியே விட்டால் பெட்டிக்கு வருவதெல்லாம் அதற்கும் வரும். மூன்றாவது பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்றாள் ஹேமா. கம்பெனியிடம் கொடுக்கலாம், தப்பில்லை, ஆனால் வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க ஒருவர் மறக்காமல் இருக்க வேண்டும், பாஸ்வேர்ட் ஒருவர் கையில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தானே நாம் விழுந்தோம். "உங்க பையன்கிட்ட ஒரு காப்பி கொடுத்து வைக்கலாமே" என்றாள் அவள், வெள்ளை மனசோடு. நான் குன்றத்தூர் என்றேன். அங்கே உன் அத்தை வீட்டு மாடியில் இன்னொரு டிஸ்க் இருக்கிறது. அந்தப் பக்கம் மழைத் தண்ணீரும் ஏறாது. பூட்டிய டிஸ்க், என் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்காது. மாதம் ஒரு முறை போய் மாற்றிக்கொண்டு வருகிறோம். பெட்டிக்கு ஏதாவது ஆனால் மெயில் எனக்கும் அப்பாவுக்கும் ஹேமாவுக்கும் வரும். உனக்கு வராது. நிறுத்தும் பொத்தானும் இனி உன்னிடம் இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஹேமா ஒன்று கேட்டாள். "பழைய பெட்டியிலேர்ந்து ஒரு தடவையாவது ஏதாவது எடுத்துக் கேட்டுப் பாத்தீங்களா ஆன்ட்டி?" இல்லை. இதுதான் என் பெரிய தப்பு ஜோயல். அந்தக் குரலைக் கேட்கத் தைரியம் இல்லாமல், இருக்கிறது என்ற நினைப்பிலேயே காலம் தள்ளினேன். ரிஜிஸ்தர் தபாலுக்கு ஒப்புகை அட்டை வராமல் 'போய்ச் சேர்ந்தது' என்று ஒரு நாளும் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொந்த வீட்டில் மட்டும் உன் வாய்ச்சொல்லே எனக்கு ஒப்புகையாக இருந்தது. இனி மாதத்தின் முதல் சனிக்கிழமை, குன்றத்தூர் டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒன்றைத் திறந்து முழுக்கக் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இந்த மாதம் வந்தது 'ஓட்டப்பந்தயம்' என்று அவர் தலைப்பிட்ட பதிவு. "டேய், லேஸைக் கட்டுடா! விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டு உங்கம்மாகிட்ட என்னைத் திட்டு வாங்க வைக்காதே!" என்று மைதானத்தில் அதட்டுகிற மாதிரியே ஒரு அதட்டல். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சத்தமில்லாமல் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தோட்டத்துப் பக்கம் ஒரு விநோதமான ஒலி. வண்டு ஒன்று வார்த்தை பேசுவதுபோல. எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களே, தொண்டையில் அழுத்திப் பிடித்துப் பேசும் கருவி, 'இது நான் இல்லை' என்று எழுதிக் காட்டிவிட்டு அலமாரியில் எறிந்தாரே, அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டு வாழைமரத்தைப் பார்த்து நின்றார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டார். பிறகு மறுபடி வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, "க-ல்-யா-ண-த்-துல பே-ச-ணும்" என்றார். தட்டையான இயந்திரக் குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. தினமும் பழகுகிறார். உன்னை அவர் மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை, அது அவர் பாடு.

என் பாடு வேறு. கல்யாணத்துக்கு வருவேன், பட்டுப்புடவை கட்டுவேன், ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருவேன். அதற்கு முன் நீ கன்னியம்மா வீட்டுக்குப் போக வேண்டும். பத்திரிகை கொடுக்கும் சாக்கில் போகக் கூடாது. பழம், புடவை எதையும் கையில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. என்னைத் துணைக்குக் கூப்பிடவும் கூடாது. தனியாகப் போய், எடுத்தது நான், தெரிந்தும் உங்கள் பேரைச் சொல்லவிட்டது நான் என்று அவளிடம் உன் வாயால் சொல்ல வேண்டும். இரும்புலியூர் ஏரிக்கரைத் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த சந்து, இடதுபக்கம் நான்காவது வீடு. காலை பத்து மணிக்கு மேல் இருப்பாள். சந்தில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கதவில் பெல் கிடையாது. வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டும்.

அம்மா